நோயாளி வேஷம்

கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்கள் பலவிதம். "உங்கள் கதாநாயகியை ஏன் இப்படி அநியாயமாகக் கொன்றீர்கள்?" என்று சண்டைக்கு வருபவை உண்டு. "என் வாழ்க்கையை அப்படியே நாவலாக எழுதலாம், ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள், சொல்கிறேன்" என்று ஆசை காட்டுபவை உண்டு. ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்கச் சொல்லிவிட்டு, ரயில் செலவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விடுபவையும் உண்டு. சில காலத்துக்கு முன் எனக்கு வந்த ஒரு கடிதம் இவை எதிலும் சேரவில்லை. மருந்தாளுநர் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் ஒரு கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். "எங்கள் மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கப் போகிறோம். அதற்கு ஒரு நோயாளி வேண்டும். சர்க்கரை வியாதிக்காரராக இருக்கவேண்டும். தாங்கள் வந்து நடித்துக் கொடுக்க இயலுமா?"

என்னுடைய சொந்த வியாதிகளையே டாக்டரிடம் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் நான். "எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று கேட்டால், "அன்றைக்கு மழை பெய்ததே, அப்போதிலிருந்து" என்று பதில் சொல்கிற ஜாதி. அப்படிப்பட்டவனைப் பிடித்து எதற்காக நோயாளி வேஷம் போடச் சொல்கிறார் என்று புரியவில்லை. நேரில் பார்த்தபோது கேட்டேன்.

"அதுக்காகத்தான் ஸார் உங்களைக் கூப்பிட்டோம். நிஜ நோயாளிகள் அப்படித்தான் பேசறாங்க" என்றார்.

நோயாளி வேஷம் போடுவது இவர்கள் கண்டுபிடித்த யுக்தி அல்ல. 1963-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஹவார்டு பேரோஸ் என்ற நரம்பு வைத்தியர், வியாதி ஒன்றும் இல்லாத ஒருவருக்கு வியாதியின் லட்சணங்களைச் சொல்லிக் கொடுத்து, நடிக்கவைத்து, மாணவர்களைச் சோதித்துப் பார்த்தார். சினிமாக்காரர்களின் ஊராயிற்றே என்று அப்போது சிலர் பரிகாசம் செய்தார்களாம். பிறகு 1975-ல் ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் ரொனால்டு ஹார்டன் என்பவர் இதை ஒரு பெரிய பரீட்சையாகவே அமைத்துவிட்டார். வரிசையாகச் சில அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு காரியம். மணி அடித்ததும் மாணவன் அடுத்த அறைக்குப் போகவேண்டும். எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல். டாக்டர்களுக்காக ஏற்பட்ட இந்த முறை பிறகு நர்ஸுகளுக்கும், மருந்தாளுநர்களுக்கும் வந்தது. நம் நாட்டில் 2008 முதல் பார்ம்.டி. என்று ஆறு வருஷப் படிப்பு ஒன்று நடக்கிறது. ஐந்து வருஷம் கல்லூரியில், கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பரீட்சை.

"மருந்து கொடுக்கிறவங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு பரீட்சை? சீட்டில் எழுதியிருக்கிறதைப் படிச்சு எடுத்துக் கொடுத்தால் ஆச்சே" என்றேன், வாசகர்களில் பலர் நினைக்கக்கூடியதை நானே கேட்டுவிடுவது நல்லது என்று.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "சீட்டை எழுதின டாக்டர், அன்னைக்கு இருந்த நோயாளிக்கு எழுதினார். ஆறு மாசம் கழிச்சு அதே சீட்டோட வர்றவர் அதே நோயாளிதானா?" என்று கேட்டார்.

எனக்கு என் அத்தையின் ஞாபகம் வந்தது.

அத்தைக்குக் கும்பகோணம். ஐம்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை. இருபது வருஷம் அதைத் தவறாமல் போட்டுக்கொண்டாள். கடிகாரம் தவறினாலும் அத்தை தவறமாட்டாள் என்பது எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். மாமா காலமான பிறகு ஒரு மாறுதல் வந்தது. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். மாத்திரையை மட்டும் விடவில்லை. மாத்திரை டாக்டர் சொன்னது. அதை விட முடியுமா?

சில மாதங்களில் விடியற்காலையில் அவளுக்கு ஏதோ ஆகத் தொடங்கிற்று. புடவை நனைகிற மாதிரி வியர்க்கும். சம்பந்தமில்லாமல் பேசுவாள். மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. காப்பி குடித்த பிறகு சரியாகிவிடும். "புருஷன் போன துக்கம்" என்றார்கள் வீட்டில். "வயசாச்சு இல்லையா" என்றார்கள் அக்கம்பக்கத்தில். திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் விடியற்காலையில் கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 41 இருந்தது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று வைத்தியர்கள் சொல்கிற கணக்கில் 41. அதற்குப் பிறகு அத்தை எழுந்து நடக்கவில்லை. எட்டு மாதம் படுக்கையிலே இருந்து போய்விட்டாள்.

அந்த எட்டு மாதமும் எனக்கு ஒரே நினைப்பு. மாதா மாதம் ஒரே கடையில்தான் மாத்திரை வாங்கினார்கள். என் அத்தை பிள்ளை காலி அட்டையைக் கொண்டு போய்க் காட்டுவான். அவர்கள் புது அட்டையைக் கொடுப்பார்கள். மரியாதையான கடை, பாக்கிச் சில்லறையை எண்ணிக் கையில் கொடுப்பார்கள், போலி மருந்து விற்கமாட்டார்கள். டாக்டர் எழுதிய மருந்தும் சரியான மருந்துதான். "அம்மா இப்போ ராத்திரி என்ன சாப்பிடறாங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

ஆகவே வேஷம் போட ஒப்புக்கொண்டேன். கதையையும் நானே எழுதுவதாகச் சொன்னேன். மருந்து விவரம் அவர்களுடையது, மனிதர் என்னுடையவர்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வு பெற்ற தபால்காரர். நீரிழிவுக்காக வெகு காலமாகக் கிளைபென்கிளமைடு என்ற மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது சிறுநீர் கழிக்கையில் எரிச்சல்; வேறொரு டாக்டர் அதற்குக் கோ-டிரைமாக்ஸசோல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டோடு கடைக்கு வருகிறார். இதில் இருக்கிற கண்ணி என்னவென்று ஆசிரியை எனக்கு விளக்கினார். கிளைபென்கிளமைடு கணையத்தை முடுக்கிவிட்டு இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. சாப்பிட்டிருக்கிறோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அது உடம்பில் சிதைந்த பிறகும் அதன் மிச்சத்துக்கு வேகம் உண்டு; அதை வெளியே தள்ள வேண்டியது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்த கிழவர்களுக்கு அது தங்கிவிடும். கோ-டிரைமாக்ஸசோல் சேர்ந்தால் இன்னும் மோசம். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்துக் கிழவர்களின் ஏடுகளைப் புரட்டி ஓர் ஆராய்ச்சி செய்தார்கள், 2003-ல் வெளியாயிற்று. கிளைபென்கிளமைடு சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், அதற்கு முந்திய வாரத்தில் கோ-டிரைமாக்ஸசோல் சாப்பிட்டிருப்பதற்கான வாய்ப்பு, மற்றவர்களைவிட ஆறு மடங்குக்கு மேல் என்று தெரியவந்தது.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. மாணவர்கள் படித்திருப்பார்கள். நான் என் தபால்காரருக்குப் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்களைச் சேர்த்தேன். அவர் ஏகாதசி விரதக்காரர். சனிக்கிழமையும் ஒரு வேளைதான். விரத நாட்களில் சாயங்காலம் கை நடுங்கும், வியர்க்கும். பெருமாள் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். அவர் பையில் ஒரு பழைய ரத்தப் பரிசோதனைக் காகிதம் இருக்கிறது. அதில் கிரியாட்டினின் 1.8 என்று போட்டிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அந்தக் காகிதத்தில்தான் வெற்றிலைச் சீவல் மடித்து வைத்திருக்கிறார்.

ஆசிரியை எனக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "கேட்டால் சொல்லுங்க. கேட்காட்டா வாயைத் திறக்காதீங்க."

முப்பது வருஷமாகக் கதை எழுதி வருகிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான நிபந்தனை இருக்க முடியாது.

பரீட்சை நாள் வந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பின்னால் கொஞ்சம் மருந்து டப்பாக்கள். இதுதான் மருந்துக் கடை. மூலையில் பரீட்சகர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லூரியின் இளம் பேராசிரியை. மற்றவர் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். "நான் சேர்ந்தபோது எங்களைக் கம்பவுண்டர்னுதான் கூப்பிடுவாங்க" என்று பெருமையும் குறையும் கலந்து சொல்லிக்கொண்டார். இருவர் கையிலும் இருபது கட்டங்கள் போட்ட ஒரு தாள். வணக்கம் சொன்னானா, தன் பெயரைச் சொன்னானா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டானா, மருந்தை எப்படி வைத்துக்கொள்வது என்று சொன்னானா என்று இருபது விஷயங்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் எட்டு நிமிஷம்.

அன்று பல பேர் வந்தார்கள். எல்லோரையும் வர்ணித்தால் பத்திரிகாசிரியர் கத்தரியை எடுப்பார். மூன்று பேரை மட்டும் சொல்கிறேன்.

முதல் பையன் நல்ல களை. சீட்டைப் பார்த்ததும் கடகடவென்று ஆரம்பித்துவிட்டான். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்திவிடவேண்டும், எல்லாம் சொன்னான். ஒரு தப்பு இல்லை. மூச்சு விட்டானா என்றுதான் சந்தேகம். நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு, "வேறு ஏதாவது சந்தேகம் உண்டா, ஐயா?" என்று கேட்டான். எனக்கு ஏது சந்தேகம்? சந்தேகம் அவனுக்கல்லவா வந்திருக்கவேண்டும்! எழுத்துப் பரீட்சையில் அவன்தான் முதல் என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு மருந்தும் சேரக்கூடாது என்று எழுதச் சொல்லியிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பான். நான் வேறு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

இரண்டாவது பையன் கேட்டான். அடேயப்பா! ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வருகிறவர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை. பெயர், வயது, விலாசம், புகை உண்டா, மது உண்டா, தூக்கம் எப்படி, பசி எப்படி, தாய் தகப்பனுக்குச் சர்க்கரை உண்டா... "இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டான். "இன்னிக்கு ஏகாதசி ஆச்சே" என்றேன். "சரி" என்று எழுதிக்கொண்டு, "மலச்சிக்கல் உண்டா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். மன்னார்குடிப் பக்கம். வந்தவள் வணக்கம் சொன்னாளே தவிரத் தன் பெயரைச் சொல்லவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, இதுக்கு முன்னாடி வேற மாத்திரை சாப்பிடறீங்களா?"

சொன்னேன்.

"காலையிலே என்ன சாப்பிட்டீங்க?"

"ஏகாதசி அம்மா இன்னிக்கு. பச்சைத் தண்ணிகூட இல்லை."

"சர்க்கரை மாத்திரை?"

"அதை எப்படி விடறது? போட்டுக்கிட்டேன்."

அந்தப் பெண் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. எட்டு நிமிஷப் பரீட்சையில் அரை நிமிஷ மௌனம் என்பது பெரிய ஆடம்பரம். மூலையில் பேராசிரியை நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்.

"ஏகாதசி மட்டுந்தானா, வேற நாளும் விரதம் உண்டா?"

"சனிக்கிழமை."

"அன்னைக்குச் சாயங்காலம் உடம்பு எப்படி இருக்கும்?"

நடுக்கத்தைச் சொன்னேன்; வியர்வையைச் சொன்னேன்.

"அந்த மாதிரி வேர்த்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணறது? நாமம் சொல்லிக்கிட்டே படுத்துடுவேன்."

"ரத்தம் டெஸ்ட் பண்ணின காகிதம் ஏதாவது வீட்டிலே இருக்கா, தாத்தா?"

சீவல் பொட்டலத்தைப் பிரித்து, காகிதத்தை நீட்டினேன். நீவி நீவிப் படித்தாள். பிறகு பரீட்சகர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னாள்: "இந்தப் புது மாத்திரையை இப்போ நான் கொடுக்கப் போறதில்லை. எழுதின டாக்டர்கிட்டே போனிலே பேசறேன். எரிச்சலுக்கு வேற மருந்து இருக்கு. சர்க்கரை மாத்திரையைப்பத்தியும் கேட்கணும். நீங்க இப்படி உட்காருங்க. முதல்லே விரலைக் குத்தி..."

மணி அடித்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டின்போது பரீட்சகர்கள் இருவருக்கும் சண்டை. இருபதுக்கு இரண்டாவது பையனுக்குப் பதினேழு கட்டம் நிரம்பியிருந்தது. முதல் பையனுக்குப் பன்னிரண்டு. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது.

"ஒன்பதா? அந்தக் கிழவரைப் பிழைக்க வெச்சது யாரு? அவ ஒருத்திதானே!" என்றார் பழைய கம்பவுண்டர். "மத்த ரெண்டு பேரும் ஏகாதசியும் அதுவுமா அவரைப் பரமபதத்துக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாங்க."

நான் மனத்துக்குள் கைதட்டினேன். ஆனால் பேராசிரியை விட்டுக்கொடுக்கவில்லை. "எனக்கும் அவளைப் பிடிச்சுதுதான், ஸார். ஆனா பட்டியல் இல்லாம மார்க் போட்டா என்ன ஆகும்? முகத்தைப் பார்த்து மார்க் போடுவோம். நம்ம ஊர்ப் பேச்சுப் பேசினா ரெண்டு மார்க் கூடப் போடுவோம். அதுவுமில்லாம, அவ வீட்டிலேயே ஒரு தாத்தா விரதம் இருக்கலாம். அதனாலே அவளுக்குத் தோணியிருக்கலாம். வேற நோயாளியைக் கொடுத்தா?"

அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. வைத்தியர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஆர்தர் எல்ஸ்டீனும் அவருடன் வேலை செய்தவர்களும் பல வருஷம் ஆராய்ந்து 1978-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தேர்ந்த வைத்தியர் எல்லா விவரத்தையும் சேகரித்துவிட்டு அப்புறம் யோசிப்பதில்லையாம். நோயாளி உட்கார்ந்த சற்று நேரத்திலேயே 'இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ' என்று இரண்டு மூன்று ஊகங்கள் வந்துவிடுகின்றன. அதற்கு ஏற்றபடிதான் மேலே கேள்வி கேட்கிறார். ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு நோயாளியிடம் நன்றாக யோசித்தவர் அடுத்த நோயாளியிடமும் நன்றாக யோசிப்பார் என்று சொல்வதற்கில்லை. யோசனை என்பது தனியே நிற்கிற ஒரு சக்தியல்ல. ஒவ்வொரு விஷயத்திலும் உள்ள அனுபவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரே அறையை வைத்துக்கொண்டு ஒருவரைப் புத்திசாலி என்றோ மண்டு என்றோ தீர்மானிக்க முடியாது. பத்துப் பதினைந்து அறைகளாவது வேண்டும். பத்துப் பதினைந்து தபால்காரர்கள் வேண்டும்.

சண்டையைத் தீர்க்க ஆசிரியை வேறொரு முறையைப் பற்றிச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. கனடாவில் மாண்ட்ரியல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெர்னார் ஷார்லன் என்பவரும் நண்பர்களும் அதை வகுத்து 2000-ல் எழுதினார்கள். அதில் மாணவனிடம் விடை என்ன என்று கேட்பதில்லை. இப்படிக் கேட்கிறார்கள்: "இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு கிழவருக்குக் காலையில் சர்க்கரை 280 இருக்கிறது. இரவு இன்சுலினைக் கூட்டச் சொல்லி டாக்டரிடம் யோசனை சொல்லலாம் என்று நினைக்கிறீர்கள். இப்போது ஒரு புதுத் தகவல்: இரவு மூன்று மணிக்கு அவர் வியர்த்து விழித்துக்கொள்கிறாராம். உங்கள் யோசனை வலுப்படுகிறதா, தளர்கிறதா?" ரொம்ப வலுப்பட்டால் கூட்டல் இரண்டு; கொஞ்சம் என்றால் கூட்டல் ஒன்று; மாறுதல் இல்லையென்றால் பூஜ்யம்; தளர்ந்தால் கழித்தல் ஒன்று; அடியோடு விழுந்துவிட்டால் கழித்தல் இரண்டு.

இதில் வேடிக்கை மார்க் போடும் விதத்தில் இருக்கிறது. சரியான விடை என்று ஒன்று எழுதி வைப்பதில்லை. அனுபவசாலிகள் பதினைந்து பேரை முன்னதாகவே இதே கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்கிறார்கள். பத்துப் பேர் கழித்தல் இரண்டு என்கிறார்கள், ஐந்து பேர் கழித்தல் ஒன்று என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோடு சேர்ந்த மாணவனுக்கு முழு மார்க். ஐந்து பேரோடு சேர்ந்தவனுக்கு அரை மார்க். ஒருவரும் சொல்லாததைச் சொன்னவனுக்குச் சைபர். பெரியவர்கள் ஒருமனப்படாததையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். தீபாவளி மலர்ச் சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும். எங்களுக்கு மட்டும் இந்த வித்தை தெரிந்திருந்தால் எத்தனையோ சிநேகிதங்கள் முறியாமல் இருந்திருக்கும்!

ஆனால் இதற்கும் ஆட்சேபம் இருக்கிறது. பழைய கம்பவுண்டர் உடனே பிடித்துவிட்டார். "பத்துப் பேரும் சேர்ந்து தப்பா நினைச்சா?" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தவிர, இந்தப் பரீட்சையில் மூன்று மணிக்கு வியர்க்கிறது என்பதைக் கேள்வித்தாளே சொல்லிவிடுகிறது. மன்னார்குடிப் பெண் அதைக் கேட்டல்லவா வாங்கினாள்?

மத்தியானம் எனக்கு வேஷம் இல்லை. அடுத்த அறையில் நடந்த பரீட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நோயாளி கிடையாது. மேஜைமேல் ஒரு சிறு இன்சுலின் புட்டியும், இரண்டு ஊசிக் குழாய்களும் மட்டும். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு ஆரஞ்சு மூடி. நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின் புட்டியும் விற்கிறது. 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். 20 யூனிட் போட்டுக்கொள்ள வேண்டியவர் நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழாயில் இருபது என்ற கோடுவரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 50 யூனிட். நாற்பது யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிக் குழாயில் இருபது கோடுவரை இழுத்தால், ஏறுவது எட்டே யூனிட். முன்னவருக்கு மயக்கம், பின்னவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதைத் தவறாகப் போட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் புட்டியைக் கையில் எடுத்து, அதில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைத் தானாகவே பார்த்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் "எந்தக் குழாய் கொடுப்பீர்கள்?" என்று பரீட்சகர் கேட்ட பிறகு பார்த்தார்கள். கடையில் யார் கேட்கப் போகிறார்கள்?

கடை என்று சொன்னதும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மருந்தாளுநராகப் பதிவு செய்துகொண்டவர்தான் மருந்து கொடுக்கலாம் என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அவருடைய சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்துக்குள், சுவாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். ஆசாமி மட்டும் எங்கேயோ இருப்பார். மருந்து எடுத்துக் கொடுப்பவன் பத்தாவது படித்த ஒரு பையன். கெட்டிக்காரன், சந்தேகமில்லை, எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவான். 2015-ல் இந்திய பார்மஸி கவுன்சில் வெளியிட்ட விதிகளில், மருந்தாளுநர் நோயாளிக்கு எடுத்துச் சொல்லவேண்டும், யோசனை கூறவேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது என்பது வேறு சங்கதி. அட்டைக்கு லாபம் உண்டு. கேள்விக்கு லாபம் இல்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, இந்த நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. இத்தனை பேரும் மாதம் ஒரு தரம் டாக்டரைப் பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்கள் மாதம் ஒரு தரம் மருந்துக் கடைக்கு வந்தே தீரவேண்டும்.

கேள்விக்கும் கூலி கொடுத்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வடக்குக் கரோலினா மாகாணத்தில் ஆஷ்வில் என்று ஒரு மலையூர். 1996-ல் அந்த நகரசபை, தன்னிடம் வேலை செய்யும் நீரிழிவுக்காரர்களை ஊர் மருந்துக் கடைக்காரர்களிடம் அனுப்பிற்று. கடைக்காரர்கள் முதலில் தாங்கள் பயிற்சி பெற்றார்கள். பிறகு ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசினார்கள்; காலைப் பார்த்தார்கள், சர்க்கரை பார்க்கும் கருவியைச் சரியாகப் பிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள், டாக்டருக்கு எழுதினார்கள். பேசிய நேரத்துக்கு நகரசபை பணம் கொடுத்தது. வந்தவர்களுக்கு நீரிழிவு மருந்துக்கான கைச் செலவையும் தள்ளுபடி செய்தது. மருந்துச் செலவு ஏறிற்று. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு அதைவிட இறங்கிற்று. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது குறைந்தது. 2003-ல் கணக்கு விவரங்களோடு பிரசுரம் செய்தார்கள். நகரசபைக்காரர்கள் தர்ம சிந்தனையினால் செய்தார்கள் என்று நினைக்கவேண்டாம். ஊழியர்களின் வைத்தியச் செலவு அவர்கள் தலையில் விடிந்துகொண்டிருந்தது.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் தேறிவிட்டாள். மற்ற அறைகளிலும் சேர்த்துக் கூட்டியதில், நடுவிலே எங்கேயோ ஓர் இடம். பட்டியலில் இனிமேல் "டாக்டரைப் போனில் கூப்பிட்டாளா?" என்று ஒரு கட்டம் சேர்த்துவிடலாம் என்று பேராசிரியை சமாதானமாகச் சொன்னார். "சேர்த்தா அடுத்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் வந்ததும் வராததுமாப் போனை எடுப்பாங்க" என்றார் பழைய கம்பவுண்டர். பேராசிரியை சிரித்துவிட்டார், ஆனாலும் அந்தக் கட்டத்தைச் சேர்க்கத்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. என்னைக் கேட்டால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும் என்பேன்: போனை எடுக்கும் முன் எந்தத் தகவலைக் கேட்டு மனசு மாறிற்று என்று மாணவன் தன் வாயாலேயே சொல்லவேண்டும். நேரம் எட்டு நிமிஷம் போதாது. பன்னிரண்டாவது கொடுக்கவேண்டும். என்னுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

சமீபத்தில் ஆசிரியையை ஒரு புத்தகக் கடையில் பார்த்தேன். மன்னார்குடிப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். ஊரிலேயே ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாளாம். சீட்டு எழுதும் டாக்டர் அதே தெருவில்தான். முதல் தடவை அவள் போன் செய்தபோது, "யாரும்மா நீ?" என்று கேட்டாராம். இரண்டாம் தடவை, கிளினிக்கில் கூட்டம் இருக்கிறது என்று வைத்துவிட்டாராம். மூன்றாவது தடவை அவள் பேசியது, சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு பாட்டியின் மாத்திரையைப் பற்றி.

"என்ன சொன்னாராம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலையாம், ஸார். 'அந்தப் பாட்டியை இங்கே அனுப்பு'ன்னாராம்."